குளிராத குளிரூட்டியும் தீவின் உப்புக்காற்றும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே, காற்றுக்குப் பஞ்சமில்லாத ஓரிடத்திலே, குளிரூட்டும் இயந்திரம் எதற்கென்று வினவுவோர் உளர். சோளகம் வீசும் நாட்களில் மட்டும் நெடுந்தீவைக் கண்டு திரும்பியவர்கள் அவ்வாறு கேட்பது இயல்பே. சித்திரை மாதத்திலே காற்று ஓய்ந்து, கடல் எண்ணெய் வார்த்தாற்போல அசைவற்றுக் கிடக்கும் இரவொன்றை அங்கே கழித்தவர்கள் கேட்கமாட்டார்கள். முருகைக்கல்லால் எழுப்பிய தடித்த சுவரும், பனையோலைக் கூரையும் இருந்த வீட்டிலே வெயில் வாசலோடு நின்றுவிடும். சீமெந்துத் தட்டுக் கூரையோ பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்வது. பிறநாடுகளில் வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்திலே கட்டிய வீடுகளில், முதுமையும் நோயும் வாய்ந்த பெற்றோர் உறங்கும் அறைக்கு ஒரு குளிரூட்டி வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

அந்தக் குளிரூட்டி ஒருநாள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. அறை மட்டும் குளிரவில்லை. உடனே வீட்டில் ஒரு தீர்ப்பு எழும்: "காஸ் முடிஞ்சு போச்சு." திருத்துநரை அழைக்கவேண்டும். அவரோ யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வரை தரைவழியே வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் அலைந்து வரவேண்டும். கடல் சீறினால் அன்று படகில்லை. இத்தனை செலவும் செய்து அவர் காஸ் நிரப்பிச் சென்றபின், சில வாரங்களில் அறை மீண்டும் புழுங்குமாயின், அந்தத் தீர்ப்பு சரியானதா என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

குளிரூட்டியினுள் இருக்கும் காஸ், விளக்கிலுள்ள மண்ணெண்ணெயைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய செப்புக் குழாய்களினுள்ளே அது ஓயாது சுற்றி வருகிறது. அறையினுள் இருக்கும் பகுதியிலே திரவமாக வந்து, கொதித்து ஆவியாகி, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் பெட்டியிலே கொம்பிரசரால் அமுக்கப்பட்டு, வாங்கிய வெப்பத்தை வெளிக்காற்றிலே விட்டுவிட்டு, மீண்டும் திரவமாகிறது. குழாய் பழுதின்றி இருக்குமட்டும் அது குறைவதற்கு வழியே இல்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

ஆகவே, படகுக்காரரைத் தேடுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. அறையிலுள்ள பகுதியின் முகப்பைத் திறந்தால் வலைபோன்ற தூசி வடிகட்டி தெரியும். அதிலே தூசி படிந்து அடைத்திருந்தால், காற்றே புகாத இயந்திரம் எதனைக் குளிர்விக்கும்? அதைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிய மாத்திரத்தில் குணமடைந்த குளிரூட்டிகள் பல. உட்குழாயில் பனிக்கட்டி படர்ந்திருந்தால், காற்றோட்டம் தடைப்பட்டதாலோ காஸ் குறைந்ததாலோ அது நிகழும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, கட்டி உருகியபின் பார்த்தால் எதுவென்று ஓரளவு விளங்கும். வடிகட்டி தூய்மையாக இருந்தும் மீண்டும் பனி படர்ந்தால் கசிவை ஐயுறலாம். குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்க் கறை காணப்படின் ஐயம் வலுக்கும்.

கதவு, யன்னல்களையும் மறத்தலாகாது. 1902ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் இவ்வியந்திரத்தின் முன்னோடியை அமைத்தது மனிதருக்காக அன்று; நியூயோர்க் நகரின் புரூக்லினிலிருந்த அச்சகமொன்றில் ஈரப்பதத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம்மாறி விழுந்ததைத் தடுப்பதற்காகவே. காற்றை உலர்த்துவது அன்றுதொட்டு இதன் பாதித் தொழில். கடற்காற்றின் ஈரத்திலிருந்து ஒரு லீற்றர் நீரைப் பிரிக்க, ஏறத்தாழ 680 வாற்று வலுவிலே ஒரு மணிநேரம் வெப்பத்தை அகற்றவேண்டும். சிறிய படுக்கையறைக் குளிரூட்டியின் முழு ஆற்றலில் அது நாலிலொரு பங்கு. யன்னலிடுக்கு ஒன்று திறந்திருந்தால், இயந்திரம் தீவைச் சூழ்ந்த கடலையே உலர்த்த முயல்கிறது எனலாம்.

இனி வெளிப் பெட்டிக்கு வருவோர் முதலிலே கையை நீட்டிப் பார்க்கவேண்டும். அதன் விசிறி வீசும் காற்று சூடாக இருந்தால் கொம்பிரசர் உழைக்கிறது. விசிறி சுழன்றும் சூடு இல்லையாயின் கொம்பிரசர் ஓடவில்லை, அல்லது காஸ் பெரிதும் போய்விட்டது. கொம்பிரசர் முனகி முனகி நின்றுபோனால், அதனைத் தொடக்கிவிடும் கொள்ளளவி பழுதாகியிருக்கலாம், அல்லது மின்னழுத்தம் போதாதிருக்கலாம். நாட்டின் பெரிய மின்வலையினின்றும் கடலால் பிரிக்கப்பட்ட நெடுந்தீவு, நெடுங்காலம் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்திற்கு, இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச் மாதத்திலே ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும், 230 வோல்ற்று வரவேண்டிய இடத்திலே 200க்கும் வெகுவாகக் கீழே வருமாயின் கொம்பிரசர் திணறும், நாளடைவில் எரியும். மின்வெட்டுக்குப்பின் மூன்று நிமிடமாவது பொறுத்தே மீளத் தொடக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெளிப் பெட்டியின் மின்பகுதியைத் திறப்பது வீட்டுக்காரர் செய்யத்தக்கதன்று. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கொள்ளளவி மின்னூட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கும், தொட்டவரை வீழ்த்தும். புதிய குளிரூட்டிகள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 என்னும் காஸ் தீப்பற்றக்கூடியது. கசிவு உள்ள இடத்திலே நெருப்பும் புகையிலையும் ஆகா.

நகரத்துக் கையேடுகள் இவ்வளவோடு நின்றுவிடும். தீவிலே மிகப்பெரிய பகைவன் இன்னும் கூறப்படவில்லை, அவன் உப்பு. வெளிப் பெட்டியின் முதுகிலே செப்புக் குழாய்மீது மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். வெப்பம் வெளியேறும் வாயில் அதுவே. கடற்காற்றின் உப்பு அதிலே படிந்து, ஈரம் பட்டதும், செப்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகின்றன, அலுமினியம் அரிக்கப்படுகிறது. வெண்பொடி பூக்கும், தகடு உதிரும், வெப்பம் போக வழியின்றி அறை புழுங்கும். காஸ் முழுமையாக இருந்தும் குளிராமைக்கு இது காரணம். தகட்டின்மேல் நீலமோ பொன்னிறமோ பூசி விற்கிறார்கள். அது அரிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. புதிதாக மாட்டுவோர் கடலை நோக்கிய சுவரை விடுத்து, சோளகம் நேரே அறையாத மறைவிடம் ஒன்றைத் தேர்ந்தால் சில ஆண்டுகள் மிஞ்சும். மாட்டுபவருக்குக் கடலோரச் சுவர் வசதியாக இருக்கிறதென்று விட்டுவிடுதல் கூடாது.

படிந்த உப்பைக் கழுவி நீக்குவதே மருந்து. மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிட்டு, தகடு வளையாதபடி மெல்ல நீர் ஊற்றவேண்டும். காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறையேனும் செய்தல் நன்று. ஆனால் எந்த நீரால்? நெடுந்தீவின் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்நீரால் கழுவினால் பழைய உப்பின்மேல் புது உப்பு ஏறும். சாராப்பிட்டிக் கிணற்று நன்னீரோ குடிப்பதற்கே அருமையானது. அதைச் சுவரில் வார்க்க எவருக்கும் மனம் வராது. மழைநீர் சேர்த்து வைத்தவர்கள் அதைக் கொள்ளலாம்.

மழையில்லாக் காலத்துக்கும் ஒரு வழி உண்டு. குளிரூட்டியின் வடிகுழாயிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து ஆனது. வாலையில் வடித்த நீர்போல அதில் உப்பு இராது. தூசியும் கிருமியும் கலப்பதால் குடிக்க ஆகாது. ஆயினும் புழுக்கமான இரவிலே மணிக்கு ஒரு லீற்றரளவும் கிடைக்கக்கூடிய அந்நீரை நிலத்தில் ஓடவிடாமல், குழாயின் அடியிலே ஒரு வாளியை வைத்தால், விடியும்போது வெளிப் பெட்டியைக் கழுவப் போதிய நீர் அதிலே சேர்ந்திருக்கும்.