மூன்றாவது ஷிப்டு
(சங்கத்தின் குடும்ப நாள் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இளைஞர் அணித் தோழர்கள் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, 'கை நிறையச் சம்பளமும் குடும்பமும்' என்பது. அறிவிப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வண்டியேறி வந்து, தாராவித் தோல் கிடங்குகளில் உப்புத் தோலைச் சுமந்து கை வெந்தவர்களுக்குச் சம்பளம் கை நிறைந்ததா என்ற கேள்வி எழுந்ததே இல்லை. சனிக்கிழமை மாலை அது கைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

ஆனால் இன்று நிலைமை வேறு. அதே தோல் கிடங்குத் தொழிலாளியின் பேத்தி இன்று கணக்காளர், ஒருத்தி செவிலியர், ஒருத்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் பொறியாளர். தகப்பனும் தாயும் சேர்ந்து ஒரு வருடத்தில் கண்ணால் காணாத தொகையை அவள் இரண்டு மாதத்தில் வாங்குகிறாள். மகிழ்ச்சிதான். ஆனால் அவளுக்குக் குழந்தை பிறந்ததும் என்ன நடக்கிறது? கம்பெனி பதவி உயர்வு தருகிறேன் என்று கூப்பிடுகிறது. வீட்டில் கூடி உட்கார்ந்து, "இருக்கிற சம்பளம் போதும், பெரிய பதவி வேண்டாம் என்று சொல்லிவிடு" என்கிறார்கள். கணவனுக்கு அதே உயர்வு வந்தால் தெரு முழுக்க லட்டு. இது ஒரு வீட்டுச் செய்தி அல்ல. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் குறைந்தது ஐந்தாறு குடும்பத்தினர் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருப்பதை மேடையிலிருந்தே பார்க்கிறோம்!

ஆகவே, அந்தப் பெண்ணுக்குத் திறமை போதவில்லையா, அல்லது வேறு ஏதாவது போதவில்லையா என்று முதலில் பார்ப்போம்.

பெரிய சம்பளம் என்பது எதற்குக் கொடுக்கப்படுகிறது? படிப்புக்கு, உழைப்புக்கு என்று நினைக்கிறோம். ஓரளவு உண்மை. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியை கிளாடியா கோல்டின் அம்மையார், 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர், இதைப் பல்லாண்டுக் காலம் ஆராய்ந்திருக்கிறார். ஒரே படிப்புப் படித்து ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆணும் பெண்ணும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். முதல் குழந்தை பிறந்த பிறகுதான் இருவருக்கும் இடையே பள்ளம் விழுகிறது என்று அவர் காட்டினார். சில வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்றே அவர் அழைக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாலும் வருகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுக்கிறவனுக்கு, அந்த வேலை கூடுதல் நேரத்தின் அளவுக்கு மட்டும் கூடுதல் தருவதில்லை. அதற்கும் மேலேயே தருகிறது. ஆக, பெரிய சம்பளத்தின் ஒரு பகுதி அறிவுக்கு விலை, இன்னொரு பகுதி 'எப்போது கூப்பிட்டாலும் வருவேன்' என்ற வாக்குக்கு விலை.

அந்த வாக்கை ஓர் ஆண் எப்படிக் கொடுக்க முடிகிறது? வீட்டில் ஒருத்தி அவ்வாறு வாக்குக் கொடுக்காமல் இருப்பதால்தான்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பம்பாய் மில்கள் மூன்று ஷிப்டு ஓடிய காலத்தில், குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலாளிகளுக்குக் கணக்கு வைத்துச் சோறு பொங்கிப் போட்ட பெண்கள் இந்நகரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மில் தறி ஓடியது அந்த அடுப்புகளால். 1975இல் பிரேமா புரவ் அம்மையார் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலை அமைத்த பிறகுதான், சமைத்துப் போடுவதும் ஒரு தொழில், அதைச் செய்பவளும் ஒரு தொழிலாளி என்று வங்கிக்காரர்களுக்கே தெரிய வந்தது. 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் தொடங்கி, போன வேலை பலருக்குத் திரும்பவே இல்லாமல் போன காலத்தில், எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது பெண்களின் இட்லிப் பானையாலும் தையல் மெஷினாலும் அல்லவா? அன்று பெண் சம்பாதித்ததைக் குடும்பம் காத்த தியாகம் என்றார்கள். இன்று அவள் பேத்தி அதைவிட நன்றாகச் சம்பாதித்தால் குடும்பம் கெடுகிறது என்கிறார்களே, இது என்ன கணக்கு?

கணக்கு என்றதும் இன்னொரு கணக்கு. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் மக்கள் நாளைப் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. நாமும் சும்மா இருப்போமா, ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டோம்! இதில் இன்னொரு சங்கதி உண்டு. அந்த 97 நிமிடம், வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களுக்கு மட்டும் போட்ட சராசரி. 2019 கணக்கில் நூறு ஆண்களில் ஏறக்குறைய 26 பேர்தான் தொட்டவர்கள். மீதிப் பேர் கணக்கிலேயே வரவில்லை.

அலுவலகம் ஒரு ஷிப்டு. லோக்கல் வண்டியில் தொங்கிக்கொண்டு போய் வருவது இரண்டாவது ஷிப்டு; சம்பளமில்லாத ஷிப்டு. வீடு மூன்றாவது. மூன்றையும் ஒருத்தியே பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டு, அவளைப் பார்த்து 'சமநிலை காத்துக்கொள்' என்று புத்திமதி சொல்வது, தராசின் ஒரு தட்டில் மட்டும் மூட்டையை ஏற்றிவிட்டு முள்ளைத் திட்டுவதற்கு ஒப்பாகும்.

சிலர் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி ஊரிலிருந்து ஆச்சியை அழைத்து வருவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நாகர்கோவில் வண்டியில் ஆச்சி வந்து இறங்குகிறாள். பத்துக்குப் பதினைந்து அறை, மூன்றாவது மாடி, பக்கத்து வீட்டாரின் மொழி தெரியாது, முழங்கால் வலிக்கு ஊர் வைத்தியர் இல்லை. அங்கே தாத்தா தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை குழந்தை ஆச்சியின் இடுப்பில். மகள் வந்ததும் ஆச்சிக்கு ஓய்வு என்கிறீர்களா? இல்லை, மகளுக்குச் சோறு போடுகிற வேலை தொடங்குகிறது. மகளின் மூன்றாவது ஷிப்டை எடுத்து அறுபத்தைந்து வயதுக்காரி தலையில் வைத்தோம். ஷிப்டு தீரவில்லை, ஆள்தான் மாறியது. ஆச்சி பேரனைக் கொஞ்ச வரட்டும், மாதக்கணக்கில் இருக்கட்டும். ஆனால் ஆயாவுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பெற்ற தாயை வரவழைப்பதற்குப் பாசம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

சரி, வழி என்ன? நேரம் என்பது தொழிலாளி எப்போதும் கேட்டு வாங்கிய பொருள்தான். யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. இதே பம்பாயில் மில் தொழிலாளிகளைத் திரட்டிப் போராடி 1890இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர் எழுப்பியதும் நேரத்தின் கோரிக்கையே. பேறுகாலத்தில் பெண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும் என்ற மசோதாவை 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேசியவர் டாக்டர் அம்பேத்கர்; மறு வருடம் அது சட்டமாயிற்று. பின்னர் அவர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1946இல், ஆலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. எட்டு மணி வேலை என்று தாத்தாக்கள் வாங்கிக் கொடுத்ததைப் பேரன்கள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, 'நாங்கள் தொழிலாளிகள் அல்ல, ஆபீசர்கள்' என்ற பெருமையில் பன்னிரண்டு மணியாக்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்தாலும் கூலி கூலிதான், தம்பி.

சட்டம் இன்று தருவதைத் தங்கைமார்கள் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்பில் உள்ளன. தொகுப்புகளின் மற்ற பகுதிகளைப் பற்றி நமக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. அது வேறு கூட்டத்தின் விஷயம். பேறுகால விடுப்பு, 2017இல் உயர்த்தியபடி, 26 வாரம், சம்பளத்தோடு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பேறுகாலத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் 50, குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இரவு 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்ணை வேலைக்கு வைக்க அவளுடைய சம்மதம் வேண்டும். கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். கர்ப்பமென்று தெரிந்ததும் 'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இனிக்க இனிக்கப் பேசும் அதிகாரிகள் உண்டு. எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

பிள்ளைகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் கைமாற்றிக்கொள்ள முடிகிற தொழிலா என்று பாருங்கள். அமெரிக்காவில் மருந்தாளுநர் தொழிலை அந்த அம்மையார் எடுத்துக்காட்டுகிறார். சொந்தக் கடை வைத்து நாள் முழுக்க நின்ற காலம் போய், பெரிய கடைகளும் கம்ப்யூட்டர் பதிவும் வந்தபின், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம் என்று ஆயிற்று. குறைந்த நேரம் வேலை பார்த்தாலும் மணிக் கூலி அடிபடுவதில்லை. பெண்கள் பெருவாரியாக அதில் நிலைத்தார்கள். அப்படிக் கைமாறும் வேலையில் பதவி உயர்வு வந்தால் துணிந்து ஏற்கலாம். கைமாறாத வேலை என்றால் கணவனும் மனைவியும் முன்னதாகவே உட்கார்ந்து, எந்த வருடங்கள் யார் முன்னே போவது, யார் பின்னே நிற்பது என்று பேசிக்கொள்ள வேண்டும். பின்னே நிற்பது ஒவ்வொரு தடவையும் அவளே என்றால் அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. அவள் சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்கில் விழட்டும். சீட்டுப் பணத்தையும் நாத்தனார் கல்யாணச் செலவையும் இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

இனி, இன்று முடிவு செய்ய வேண்டிய காரியத்துக்கு வருகிறோம். கம்பெனிகள் காப்பகம் கட்டட்டும், அதற்காகப் போராடுவோம். ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும், ஒப்பந்தத்தில் துப்புரவு செய்யும் தாய்க்கும் எந்தக் கம்பெனி கட்டும்? நம் சங்கக் கூடம் தினமும் மாலை நான்கு மணிக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடப்படுகிறது. அந்த நேரத்தில் அங்கே நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: நான்கு கேரம் பலகைகள். அந்தக் கூடத்தை, வாரத்தில் ஆறு நாள், மாலை நான்கு முதல் எட்டரை வரை பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் காப்பகமாக மாற்றலாம் என்பது குழுவின் தீர்மானம். சம்பளத்துக்கு இரண்டு பெண்களை அமர்த்துவது. கொடுக்க முடிந்தவர்கள் அதிகமும் முடியாதவர்கள் குறைவாகவும் மாதச் சந்தா கொடுப்பது. பிள்ளைகளுக்குச் சுண்டலும் பாலும். தமிழ் எழுத்தும் அங்கேயே. நாள்தோறும் இரண்டு ஆண் உறுப்பினர்கள் முறை வைத்து வந்து பிள்ளைகளுக்குப் பரிமாறிப் பாத்திரம் கழுவிப் போக வேண்டும். முதல் வாரத்து முறையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் பெயரும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

கேரம் ஆடுகிற தோழர்கள் கோபிக்க வேண்டாம். எட்டரைக்கு மேல் ஒரு மணி நேரம் கூடம் உங்களுடையதே. ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து பேசலாம். அவர்கள் பேசி முடித்த பிறகு கை தூக்கச் சொல்லுவோம். தாய்மார்களும் தங்கைமார்களும் கை தூக்கலாமா என்று சற்று முன் ஒருவர் சீட்டு அனுப்பிக் கேட்டிருக்கிறார். சந்தா கட்டியவர் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. சந்தா கட்டாதவர்கள் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் தோழரிடம் இப்போதே கட்டிவிட்டு வந்து கை தூக்கலாம்.