இலையும் ஒளியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, புகைவண்டி அலுவலகத்திலே சரக்குக் கணக்கு எழுதும் எனக்குத் தாவர நூலில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மூட்டை மூட்டையாக நான் கணக்கெழுதும் அரிசி எங்கே உண்டாகிறது? இலையிலே அல்லவா! கதிரவன் ஒளியைப் பற்றிக்கொண்டு, காற்றையும் நீரையும் மாவுப் பொருளாக்குவது இலை. ஆகவே, எந்த இலைக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பது நம் சோற்றைப் பற்றிய கேள்வியே ஆகும்.

1953-ஆம் ஆண்டில் மான்சி, சாய்கி என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் பயிரை மேலிருந்து அடுக்கடுக்காக அறுத்து, ஒவ்வோர் அடுக்கின் இலைப் பரப்பையும் அங்கே எட்டும் ஒளியையும் அளந்தனர். கிடையாகப் பரந்த இலைகள் ஒளியை மேலேயே மறித்துவிடுகின்றன. நிமிர்ந்த இலைகளோ கீழே உள்ளவற்றுக்கும் வழி விடுகின்றன. உச்சி வெயிலில் ஒரு பகுதியே ஒரு நெல்லிலைக்குப் போதும். மிஞ்சிய ஒளி அதற்கு வீண். நிழலில் கிடக்கும் கீழிலைக்கோ அதுவே வாழ்வு.

பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 நெல் இதற்குச் சான்று. இந்தோனேசியாவின் நெட்டை நெல்லும் தைவானின் குட்டை நெல்லும் கலந்து பிறந்த அதன் தாள் குட்டை, இலை நிமிர்ந்தது. உரமிட்டாலும் சாயவில்லை. கப்பலில் வரும் அயல்நாட்டுத் தானியத்தை நம் நாடு எதிர்பார்த்திருந்த காலம் அது. சோற்றில் சுவையில்லை என்று உண்டவர் பலர் குறை கூறியதும், பூச்சிகள் அதனைத் தாக்கியதும் உண்மையே. ஒளி ஒன்றே பயிராகிவிடாது.

அறுத்த பயிரை மறுநாள் அளக்க முடியாதல்லவா? இன்றோ ஒரு செடியைப் பல கோணங்களில் படம் பிடித்து, அதன் நீள அகல உயரங்களோடு கணிப்பொறியில் உருவாக்குகின்றனர். ஒளிக்கதிர்களை ஒவ்வொன்றாக அதன்மேல் விழச்செய்து கணக்கிடுகின்றனர். செடியோ வயலில் வளர்ந்துகொண்டே இருக்கிறது! இலையின் சாய்வை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் விதைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறி இல்லாமலும் இதனை நீங்கள் செய்யலாம். ஒரே அளவான அட்டை இலைகளைக் கம்பியில் கட்டி இரண்டு செடிகள் செய்யுங்கள். ஒன்றில் இலைகள் கிடையாகவும், மற்றொன்றில் நிமிர்ந்தும் இருக்கட்டும். நண்பகலில் மொட்டை மாடியிலே கட்டம் போட்ட தாளின்மேல் அவற்றை நிறுத்தி, நிழல் மூடிய கட்டங்களை எண்ணுங்கள். மாலையில் தாளைக் கதிரவனுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, மீண்டும் எண்ணுங்கள். இரு கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்று சிந்தியுங்கள்.

பெற்றோர்களே! ஒளிச்சேர்க்கையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நம் பிள்ளைகளில் நெல்லையும் கேழ்வரகையும் வயலில் கண்டவர் எத்தனை பேர்? பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடத்தும் கிருஷி மேளாவுக்கு ஒருநாள் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். தாம் உண்ணும் சோறு எவ்வாறு விளைகிறது என்று அறியாத தலைமுறை நம் காலனியிலே வளர வேண்டா என்று கேட்டுக்கொள்கின்றேன்.