காருக்குள்ளே கரி இருக்கு, சார்!

(தலைப்பு: வண்டி நெடுநாள் ஓடப் பெரிதும் துணைநிற்பது சர்வீஸ்காரர் சொல்லைக் கேட்பதா, சர்வீஸ்காரரைக் கேள்வி கேட்பதா? "கேள்வி கேட்பதே" என்ற அணியில் பேசியது.)

எனக்கு முன்னாலே பேசி, இருந்த கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி அம்மையார் அவர்களே! கடலூரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து இந்தச் சிதம்பரத்துக்கு வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

அம்மையார் என்ன சொன்னாங்க? "டாக்டர் மாத்திரை எழுதினா ஏன் எதுக்குன்னு கேட்கிறோமா? வாங்கிப் போட்டுக்கிறோம். அதே மாதிரி சர்வீஸ் சென்டர்காரர் சொன்னாலும் கேட்டுக்கணும்"னு சொன்னாங்க. நீங்களும் தட்டுனீங்க. அம்மா, ஒரே ஒரு சந்தேகம். எந்த டாக்டராவது நாடியைப் பிடிச்சுப் பார்க்காம, நாம வாசல்லே செருப்பைக் கழற்றும்போதே, "உங்களுக்குக் குடல் கழுவணும், மூவாயிரம் ஆகும்"னு சொல்லுவாரா? (சிரிப்பு)

எனக்குச் சொன்னாங்க. எனக்கில்லை, என் காருக்கு.

நான் தமிழ் வாத்தியார். நாற்பது வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச கார் எல்லாம் கார்காலமும் கார்மேகமும்தான். கார் என்றாலே கறுப்பு என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன். அப்படிப்பட்டவனிடம் வந்து, "சார், உங்க காருக்குள்ளே கரி இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா எப்படி மறுக்க முடியும்? கறுப்புக்குள்ளே கறுப்பு! இலக்கணப்படி சரியாத்தானே இருக்கு? (சிரிப்பு)

கடலூரிலே ஒரு டீலர். பேர் வேண்டாம். என் பெட்ரோல் கார் அப்போ 18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயில் மாற்ற விட்டேன். சீட்டு எழுதுகிற தம்பி சொன்னார்: "டீகார்பனைசிங் போட்டுடலாம் சார். இன்ஜின் உள்ளே கரி எல்லாம் போயிடும். மைலேஜ் ஏறும்." ரூ.2,900. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.522. ஆக ரூ.3,422. கொடுத்தேன். அடுத்த வருஷமும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி கேட்கிறாள்: "என்னங்க பண்ணினாங்க?"

"சுத்தம் பண்ணினாங்க."

"வெளியே சேறு அப்படியே இருக்கே?"

"உள்ளே பண்ணினாங்க."

"உள்ளே பண்ணினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடுவர் அவர்களே, என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலேகூட இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை! (கைதட்டல்) அவள் கடலூர் துறைமுகத்தில் முந்நூறு ரூபாய் வஞ்சிரம் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள். நான் மூவாயிரத்து நானூறு ரூபாயைப் பானெட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தவன்.

சரி, கரி என்பது பொய்யா? பொய் இல்லை. அதை நான் ஒளிக்கவில்லை. பெட்ரோல் எரிந்தால் கொஞ்சம் கரி மிஞ்சும். பிஸ்டன் தலையிலே படியும், வால்வின் முதுகிலே படியும். இங்கே ஐம்பது வயசு தாண்டின ஐயாமார்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்! பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவோம். அந்த ஆயிலும் சேர்ந்து எரியும். கொஞ்ச நாளிலே சைலன்சர் அடைச்சுக்கும், வண்டி மூச்சு வாங்கும். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி நெருப்பிலே போட்டுச் சுட்டு, தட்டித் தட்டிக் கரியை உதிர்ப்பார். பக்கத்திலே கரிக் குவியல் கிடக்கும். கண்ணாலே பார்த்துட்டுக் காசு கொடுப்போம். ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதும் அப்போது வழக்கமான வேலைதான். அது நியாயம்.

இப்போது நம்மிடம் இருக்கிற பெட்ரோல் கார் ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் தனியாக இருக்கிறது, பெட்ரோலோடு கலக்கவில்லை. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிறது. சாதாரணக் கார்களில் அந்தப் பெட்ரோல் உள்வரும் வால்வின் முதுகிலேயே வந்து விழும். அதாவது வால்வு தினமும் குளிக்கிறது! தினமும் குளிக்கிறவனை வருஷத்துக்கு ஒருதரம் மூவாயிரம் ரூபாய் கொடுத்துக் குளிப்பாட்டணுமா? (சிரிப்பு)

எதிரணி நண்பர் உடனே எழுந்திருப்பார், "டர்போ காருக்கு என்ன சொல்றீங்க"ன்னு. சொல்றேன், உட்காருங்க. புதுசா வர்ற டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றிலே பெட்ரோல் நேராக எரியறைக்குள்ளேயே பாயும். வால்வின் முதுகிலே படாது. அங்கே ஆயில் ஆவி வந்து படிஞ்சு கரியாகலாம். உண்மை. ஆனா டேங்கிலே ஊற்றுகிற மருந்து அந்த வால்வைத் தொடவே தொடாதே! பெட்ரோல் போகாத இடத்துக்குப் பெட்ரோலோடு கலந்த மருந்து எப்படிப் போகும்? அதற்கு உள்வழியைத் திறந்து, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடிச்சுச் சுத்தம் பண்ணுவாங்க. ஆக, எந்த இன்ஜின், எந்த இடம், எந்த முறை என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே கஷாயம் ஊற்றுவதைத்தான் நான் கேட்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் ஒரு சின்னக் கேமராவை விட்டால் பிஸ்டன் தலை அப்படியே தெரியும். "தம்பி, காட்டு, கரி இருந்தா காசு தர்றேன்." இது சண்டையா?

இப்போ சிரிப்பை நிறுத்திக்கிறேன். என் தங்கை வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். கடலூர், சிதம்பரம் சவாரி. பேங்க் கடனிலே வாங்கின வண்டி. பெட்ரோலும் உண்டு, சி.என்.ஜி.யும் உண்டு, ஓடுவது பெரும்பாலும் சி.என்.ஜி.யில். ஒருநாள் இன்ஜின் விளக்கு எரிந்தது. பாலம் ஏறும்போது வண்டி உதறுகிறது. கொண்டுபோய் விட்டார். "கரி சார்" என்றார்கள். ரூ.3,200. இரண்டே நாளில் மறுபடி உதறல். "இன்ஜெக்டரையும் கழுவணும்." ரூ.2,600. கழுவினார்கள். அந்த வாரமே, ரயிலைப் பிடிக்கச் சிதம்பரம் வந்துகொண்டிருந்த வயசான தம்பதியை ஏற்றிக்கொண்டு வரும்போது பி.முட்லூர் பக்கத்திலே வண்டி நின்றே போச்சு. ரயில் போச்சு. "இனிமே உன்னைக் கூப்பிட மாட்டோம்ப்பா" என்று அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் மாப்பிள்ளை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மாசத் தவணைக்கு என் தங்கை கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். "அண்ணே, வண்டியைக் கழுவிக் கழுவியே என் காது மூளியாயிடுச்சு"ன்னு அவள் சொன்னப்போ எனக்குப் பதில் வரலை.

இழுத்துக்கொண்டு வந்து இங்கே ஒரு சின்ன மெக்கானிக்கிடம் விட்டோம். ஸ்கேனரைச் செருகினார். பி 0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரிலே சரியாக நெருப்புப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலே மாட்டினார், மூன்றாவதை இரண்டிலே மாட்டினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். இப்போ பி 0303! நோய் காயிலோடு நடந்து போயிருக்கிறது. புதுக் காயில் ரூ.1,900. வேலை இருபது நிமிஷம்.

அந்த மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார்: "சார், சி.என்.ஜி.யிலே கரி ரொம்பக் கம்மி. ஆனா அதைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேணும். அதனாலே காயிலும் பிளக்கும்தான் சீக்கிரம் அடிவாங்கும்." கரியே அதிகம் படியாத வண்டிக்குக் கரி எடுக்க ரூ.3,200 வாங்கியிருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கிறபோது மருத்துவத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிக்கிறவர். இங்கே நோயாளி கார். மருத்துவர் மெக்கானிக். மருந்து அந்தப் பாட்டில். நாலாவது ஆள் யாரு? ஓட்டுகிற நாமதான்! எப்போ உதறுது, பாலத்திலேயா சமதரையிலேயா, காலையிலேயா மதியத்திலேயா என்று சொல்ல வேண்டியவன் சாவியைக் கொடுத்துட்டு ஏசி அறையிலே காபி குடிச்சுக்கிட்டிருந்தா, மருத்துவர் என்ன செய்வார்? பாட்டிலைத் திறப்பார். (கைதட்டல்)

சர்வீஸ்காரர் பேச்சைக் கேட்காமல் நானே கெட்ட கதையும் உண்டு. 2015 வெள்ளம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்குத் தெரியும். என் பழைய டீசல் வண்டி தண்ணீரில் நின்றது. "ஸ்டார்ட் பண்ணாதீங்க, இழுத்துட்டு வாங்க"ன்னு போனிலே சொன்னாங்க. நான் கேட்டேனா? "நின்னுதானே இருக்கு"ன்னு சாவியைத் திருப்பினேன். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. அன்னைக்கு அவங்க சொன்னது பொன். டீசலிலே புகையைத் திருப்பி உள்ளே விடுகிற ஈ.ஜி.ஆர். வால்வு கரியாலே அடைக்கும் என்பதும் நிஜம். 2020 ஏப்ரலுக்குப் பின்னே வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கு. வண்டியை எடுத்துக்கிட்டு நம்ம நாலு வீதியையே சுற்றிச் சுற்றி வந்தா அது அடைச்சுக்கும். அப்பப்போ கடலூர் ரோட்டிலே ஒரே வேகமா ஓட்டினா, அந்தச் சூட்டிலே கரியை அதுவே எரிச்சுக்கும். இதைச் சொல்ல ஒரு சர்வீஸ்காரர் கிடைச்சா அவர் காலைத் தொட்டுக் கும்பிடுங்க. ஏன்னா அவர் காசில்லாத வைத்தியம் சொல்றார்.

ஆயில் மாற்றும் முன்னே "ஃபிளஷ்" ஊற்றுகிறோம் என்பார்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றின இன்ஜினுக்கு அது தேவையில்லை. மாற்றாமலே பல வருஷம் ஓட்டின கிழட்டு இன்ஜினிலே அது ஆபத்து. அடியிலே தூங்குகிற கசடு பெயர்ந்து போய் ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைச்சா இன்ஜினே போகும்.

எதிரணியிலே கடைசியாக ஒரு பயம் காட்டினாங்க: "கேள்வி கேட்டா, வெளியிலே காட்டினா, வாரன்டி போயிடும்." ஐயா, 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் ஸ்கேனர் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதற்காக. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்த உத்தரவிலே ஒரு வரி நமக்கு முக்கியம். வெளியிலே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக மட்டுமே வாரன்டியை மொத்தமாக ரத்து பண்ணக்கூடாது. வெளி ரிப்பேராலே எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று சொன்னார்கள். பில்லிலே சந்தேகமா? 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கு. நம்ம கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணமே கிடையாது.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரு நிமிஷம், ஐயா.

மூன்றாம் வருஷம் நான் வண்டிக்குள்ளேயே கிடந்த அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு போனேன். எத்தனையாவது கிலோமீட்டரில் எதைப் பார்க்கணும், எதை மாற்றணும் என்று கட்டம் போட்டுக் கம்பெனியே அச்சடித்த புத்தகம். "தம்பி, இதிலே டீகார்பனைசிங் எந்தக் கட்டத்திலே இருக்கு?" அந்தத் தம்பி குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடித்துவிட்டார். ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் மட்டும் எழுதினார். அதெல்லாம் கட்டத்திலே இருந்தது.

அன்று ராத்திரி அவர் என் வீட்டுக்கு வந்தார். பி.எஸ்சி. படிக்கும்போது என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த பையனாம். எனக்குத்தான் முகம் மறந்துபோச்சு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, போன ரெண்டு வருஷமும் நான்தான் உங்களுக்கு எழுதினேன். மாசத்துக்கு இத்தனை போட்டாகணும்னு எங்களுக்குக் கணக்கு இருக்கு. போடலைன்னா சம்பளத்திலே தெரியும். இன்னைக்கு நீங்க புத்தகத்தைக் காட்டினதாலே, 'கஸ்டமர் வேண்டாம்னுட்டார்'னு எழுத முடிஞ்சுது. கேட்காதவங்களுக்கு நானா அப்படி எழுத முடியாதுங்க ஐயா" என்றார்.

மணி அடித்துவிட்டார்கள்.