போத்தலில் உள்ள எழுத்தையும் வாசிப்போம்

(கலஹா பகுதி இளம் சாரதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது லயங்களில் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகள் இன்று பலர். கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் முற்பணம் கட்டி, லீசிங்கில் எடுத்த வண்டிகள்தான் அநேகம். எஞ்சின் ஜாம் ஆனால் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது. ஆகவே எஞ்சின் ஒயிலைப் பற்றிப் பேசுவதும் தொழிற்சங்க வேலைதான்.

கண்டிக் கடைகளில் நாம் எப்படிக் கேட்கிறோம்? "நல்ல ஒயில் ஒன்று தாங்க" என்கிறோம். எது நல்லது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார். இனி நாமே தீர்மானிப்போம். போத்தலில் மூன்று அடையாளங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, எஸ்.ஏ.இ. இலக்கம். இது ஒயிலின் தடிப்பைச் சொல்கிறது. 20டபிள்யூ-50 என்றால், முன்னால் உள்ள 20டபிள்யூ குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள 50 எஞ்சின் சூடான பின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். 20டபிள்யூ ஒயிலை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை குளிரில் சோதிக்கிறார்கள். நுவரெலியாவில் பனி உறையும் காலையிலும் அவ்வளவு குளிர் இல்லை. வண்டியின் கைப்புத்தகம் 20டபிள்யூ-50 என்று சொன்னால், விலை கூடிய 5டபிள்யூ போத்தலுக்குக் காசு கொட்டத் தேவையில்லை.

இரண்டாவது, ஏ.பி.ஐ. எழுத்து. எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. அடுத்த எழுத்து தரத்தின் காலத்தைச் சொல்லும். எஸ்.என். 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல் வந்தது. லொறி ஓட்டுபவர்கள் சி.எச்-4, சி.ஐ-4 போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஜாசோ. இது ஜப்பானியத் தரம். மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து சுழலும். கார்களுக்கான சில ஒயில்கள் உராய்வைக் குறைப்பதால் அந்தக் கிளச் வழுக்கும். நமது மலைப்பாதை ஏற்றத்தில் அப்படி வழுக்கினால் நிலைமை என்ன? கைப்புத்தகம் ஜாசோ எம்.ஏ. என்று கேட்டால், காருக்கான விலையுயர்ந்த ஒயிலும் அதற்கு ஈடாகாது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரியும். அவற்றுக்குரிய எழுத்துக்கள் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. போர் ஸ்ட்ரோக் ஒயிலை அவற்றில் ஊற்றக் கூடாது.

ஆகவே தோழர்களே, விலையோ நிறமோ தரத்தைச் சொல்லாது. கைப்புத்தகத்தில் உள்ள எழுத்துக்களைத் துண்டில் எழிதிக் கொண்டு கடைக்குப் போங்கள். ஆங்கில எழுத்துத் தெரியாவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையைக் கேளுங்கள். மூடியின் சீல் உடையாததைப் பாருங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். போலி ஒயில் என்று சந்தேகம் வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள். வெற்றுப் போத்தலை வெட்டி எறியுங்கள். அதில் கழிவு ஒயிலை நிரப்பி மீண்டும் நமக்கே விற்க இடங்கொடுக்க வேண்டாம்.

சம்பளச் சீட்டில் கழித்த ஒவ்வொரு ரூபாவையும் வாசித்துக் கேள்வி கேட்கப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கடை வாசலிலும் கைவிடாதிருப்போம்.