பழைய மென்பொருளும் மேகக் கணிப்பொறியும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கிளவுட் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதன் பெருமையைச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. அதில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பழைய மென்பொருள்களைப் பற்றி நான் சொல்றேன். எத்தனையோ வங்கிகளும் ஆலைகளும் இன்றும் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

2006-இல் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. வாடகை மெஷினை நிறுத்திவிட்டால் அதன் டிஸ்க்கில் இருந்ததும் போய்விடும். நின்று நிலைக்கிற டிஸ்க் 2008-இல்தான் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தின் குணமே அதுதான். மெஷின் போகும், வேறொன்று வரும், மென்பொருள் அதற்குத் தயாராக இருக்கணும். பழைய அப்ளிகேஷனோ, "இந்த மெஷின் எங்கேயும் போகாது" என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

நான் பார்த்த ஒரு ஆலையின் கதையைக் கேளுங்கள். சம்பளக் கணக்கும் கிடங்குக் கணக்கும் ஒரே அப்ளிகேஷனில். சர்வரின் ஐ.பி. முகவரி புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தது. லைசென்ஸ், நெட்வொர்க் கார்டின் எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. தினமும் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஃபைல் வந்து விழும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்! நிர்வாகம் சொன்னது: "டேட்டாபேஸ் சென்னையிலேயே இருக்கட்டும், அப்ளிகேஷனை மட்டும் அப்படியே தூக்கி மும்பை கிளவுட்டில் வையுங்கள்."

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டிலேயே 1,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 10 மில்லி வினாடி. நடைமுறையில் இன்னும் கூடும். அந்த அப்ளிகேஷன் ஒரு திரையைக் காட்ட டேட்டாபேஸிடம் 600 தடவை கேள்வி கேட்கும். பக்கத்து ரேக்கில் டேட்டாபேஸ் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. மும்பைக்குப் போனால் திரைக்குக் குறைந்தது 6 வினாடி. எந்தக் கம்பெனி கிளவுட்டாக இருந்தாலும் ஒளியை விரட்ட முடியாது. வாடகையும் அப்படித்தான். தேவைப்படும்போது ஏற்றி, வேண்டாதபோது அணைத்தால்தான் கிளவுட் லாபம். இந்தப் பழைய ஐயாவுக்கோ தூக்கமே கிடையாது, 24 மணி நேரமும் மீட்டர் ஓடும்.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமே என்பார்கள். பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. திங்கட்கிழமை பலரால் தங்கள் பணத்தையே பார்க்க முடியவில்லை. சகஜ நிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். டெக்னாலஜி அங்கே புதுசுதான். பழசு என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பதை முழுசாகத் தெரிந்துகொண்டு, புதுசில் சோதித்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அந்தத் தெரிந்த ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது அமெரிக்காவின் நியூ ஜெர்சி கவர்னர், கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி! ஒய்2கே வேலைக்கு அதையே படித்துவிட்டு விமானம் ஏறிய நம்ம ஆட்கள் இந்த அரங்கிலேயே சிலர் சிரிக்கிறார்கள். மாணவர்கள் மட்டும் 'சப்போர்ட் பிராஜெக்ட்' என்றாலே முகம் சுளிக்கிறீர்கள். புதிதாக எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதைப் படிப்பது கடினமான வேலை என்பது என் கட்சி.

மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் ஒரு வழி எழுதினார். ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேர்விட்டு, மெல்ல அதையே மூடிவிடும் அத்தி வகையைப் பார்த்து வந்த யோசனை. நாம் ஆஸ்திரேலியா போகவேண்டாம். பனைமரத்தில் ஆலமரம் முளைத்திருப்பதைப் பார்த்தவர்கள்தானே? ஒவ்வொரு வேலையாகப் புதியதற்கு மாற்று. பழையது அதுவரை ஓடட்டும்.

அந்த ஆலையிலும் அதையே செய்தோம். முதலில் விடுப்புக் கணக்கு, பிறகு கிடங்கு. இரவு இரண்டு மணி ஃபைல், கேன்டீன் டோக்கன் கணக்கு என்று தெரியவே மூன்று மாதம் ஆயிற்று. ஆண்டிறுதி போனஸ் கணக்கு மட்டும் இன்னும் பழைய மெஷினில்தான் ஓடுகிறது. அதை எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, இரண்டு இளம் பெண்களுக்கு வரிவரியாகச் சொல்லித் தருகிறார்.

மாணவர்கள் கேள்விகளோடு காத்திருக்கிறார்கள்.