மைதா பசையும் மஞ்சளும்: கையால் செய்யும் வாழ்த்து அட்டை

போன பொங்கலுக்கு உங்க வாட்ஸ்அப்ல எத்தனை வாழ்த்து வந்துச்சு? அதுல ஒண்ணாவது இப்போ ஞாபகம் இருக்கா?

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கு. ஒரு காலத்துல தமிழ்நாட்டுல எல்லா ஊரையும் போல இங்கேயும் பொங்கல் வாழ்த்து அட்டை இல்லாம தை பிறக்காது. ஆனா அதெல்லாம் அச்சு அட்டை, ஆயிரம் பேருக்கு ஒரே படம். இந்த எபிசோட்ல நான் பேசப்போறது ஒரே ஒருத்தருக்காக மட்டும் செய்யற அட்டை. அதுல முக்கியமான விஷயம் பின்னணி, அதாவது மையும் சொரசொரப்பும் சேர்ந்த அந்தக் காகிதம்.

கையால செஞ்ச பின்னணியை இன்னொரு தடவை அப்படியே செய்ய முடியாது. 1775-ல அமெரிக்கக் காலனிகள் அடிச்ச 20 டாலர் நோட்டோட ஓரத்துல, தண்ணியில மிதக்கவிட்ட சாயத்தை ஒத்தி எடுத்த மார்பிள் காகிதம் இருந்துச்சு. கள்ளநோட்டு அடிக்கிறவங்களுக்கு அந்த நெளிவு கைக்கு வராதுங்கறதுதான் காரணம்.

முதல்ல காகிதம். ஜெராக்ஸ் பேப்பர் ஈரம் பட்டா சுருண்டுடும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல இருக்கற டிராயிங் பேப்பர் வாங்குங்க. நல்லதா வேணும்னா, எங்க ஊர்ல இருந்து செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போனா புதுச்சேரி. அங்க அரவிந்தர் ஆசிரமத்தோட கைவினைக் காகிதக் கூடம் 1959-ல இருந்து நடக்குது. பருத்தித் துணிக் கழிவுல செய்யற காகிதம். மரக்கூழ்ல செஞ்ச செய்தித்தாள் மாதிரி சீக்கிரம் பழுப்பாகாது.

இப்போ பசைக் காகிதம். சினிமா போஸ்டர் ஒட்டற அதே மைதா பசைதான். மைதா ஒரு பங்கு, தண்ணி ஆறு பங்கு. கட்டி இல்லாம கரைச்சு, சின்ன தீயில கூழ் மாதிரி பளபளப்பு வர்ற வரைக்கும் கிண்டுங்க. ஆறினதும் வடிகட்டி, அக்ரிலிக் கலர் கலக்குங்க. காகிதத்தை ஸ்பாஞ்சால ரெண்டு பக்கமும் நனைச்சு, கண்ணாடி மேல விரிச்சு, பசையைப் பிரஷ்ல பூசுங்க. காயறதுக்குள்ள பழைய சீப்பை இழுத்தா கோடு. கோணிச் சாக்கை அழுத்தி எடுத்தா நெசவு. வேர்க்கடலை ஓட்டை உருட்டினா அதோட வலைத்தடம். பிடிக்கலையா? பிரஷ்ஷால திரும்பத் தடவிட்டு மறுபடி இழுங்க.

பசை பூசாத காகிதத்துல மை வேலை செய்யலாம். ஈரக் காகிதத்துல பேனா மை விட்டு, மேல கல் உப்பு தூவுங்க. உப்பு ஈரத்தை இழுக்கறப்போ மையும் கூட வரும். காஞ்சதும் உப்பைத் தட்டிவிட்டா பூப்பூவா தடம் இருக்கும். இல்லன்னா மஞ்சள் தண்ணி பூசி, காஞ்சதும் சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுங்க. ஆரத்தி தட்டுல வர்ற அதே சிவப்பு வரும். வெயில்ல மஞ்சள் மங்கிடும், அதனால அதை அட்டையோட உள்பக்கத்துக்கு வெச்சுக்கோங்க.

தபால்ல அனுப்பறவங்களுக்கு ஒரு கணக்கு. 250 ஜிஎஸ்எம் ஏ4 தாள் கிட்டத்தட்ட 16 கிராம். பசையும் கவரும் சேர்ந்தா கடிதத்துக்கான முதல் எடை வரம்பான 20 கிராமைத் தாண்டிடலாம். தாளைப் பாதியா வெட்டி ரெண்டு அட்டை பண்ணிடுங்க.

கடைசியா ஒண்ணு. பின்னணிக்கு மூணு மணி நேரம் செலவு பண்ணிட்டு, உள்ள 'ஹேப்பி பர்த்டே'ன்னு மட்டும் எழுதிடாதீங்க. அப்படின்னா அதுவும் ஒரு ஃபார்வர்டு மாதிரிதான். சொரசொரப்புல பேனா சரியா ஓடாது. அதனால வழவழப்பான வெள்ளைத் தாள் ஒண்ணை உள்ள ஒட்டி, எழுத இடம் விடுங்க. நம்மள்ல நிறைய பேருக்கு அப்பாகிட்ட ஃபோன்ல பேசினா "சாப்பிட்டீங்களாப்பா"வுக்கு மேல வார்த்தை வர்றதில்ல. பசை காயற அந்த நேரத்துல, அவர்கிட்ட நீங்க மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வரி என்னன்னு யோசிங்க. அந்த வரி கிடைச்சா அட்டை முடிஞ்சுது. கிடைக்கலன்னா இன்னொரு தாளுக்குப் பசை பூசுங்க, நேரம் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.