கோட்டையா? குடமா?

சேவுகப்பெருமாள் அய்யனார் குடிகொண்ட சிங்கம்புணரிப் பெருமக்களே!

அந்தக் கால வாழ்க்கையை அதிகம் சொல்வது கோட்டை கோபுரமா, வீட்டுச் சாமானா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் பிரமிடை அப்படியே தூக்கிக்கிட்டு வந்து மேடையில வச்சுட்டார். சரி, நானும் எகிப்துக்கே வர்றேன். ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டின தொழிலாளிங்க குடியிருந்த ஊர், தெய்ர் எல் மெதினா. அங்கே கிடைச்ச ஒரு சுண்ணாம்புக் கல்லுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? யார் யார் வேலைக்கு வரலைங்கிற கணக்கு! ஒருத்தரைத் தேள் கொட்டிடுச்சு. ஒருத்தருக்குக் கண்வலி. இன்னொருத்தர் பீர் காய்ச்சப் போயிட்டார். (சிரிப்பு) 3,200 வருஷத்துக்கு முந்தின லீவு லெட்டர் ஐயா இது! பிரமிடு, ராஜா செத்ததைச் சொல்லுது. இந்தக் கல்லுதான் ஜனங்க வாழ்ந்ததைச் சொல்லுது.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கீழடி! 2015இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சது. 2018இல் மாநிலத் துறை தொடர்ந்தது. அங்கே கிடைச்ச கரித்துண்டு ஒன்று ஏறக்குறைய 2,600 வருஷப் பழசுன்னு 2019இல் அறிக்கை வந்தது. கூடவே கிடைச்சது என்ன? உறைகிணறு. நூல் நூற்கிற தக்களி. தந்தச் சீப்பு. தாயக்கட்டை. தாயம் இருந்திருக்குன்னா சண்டையும் இருந்திருக்கும்! (சிரிப்பு)

பானை ஓட்டுல பேர் கீறியிருக்காங்க. ஆதன், குவிரன். நம்ம எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுறோமே, அதே வேலைதான்!

எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தின பானை ஓடு ஒன்று அங்கே கிடைச்சது. அதுல தமிழி எழுத்தில் 'பானை ஒறி'ன்னு இருக்கு. உறியைத்தான் அப்படி எழுதியிருக்காங்க. உறின்னா கயிறு! சிங்கம்புணரிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? கடல் தாண்டிப் போனது கோட்டை இல்லைங்க, கயித்துல தொங்கின பானை! (கைதட்டல்)

கயிறுன்னதும் எனக்கு எங்க அம்மா ஞாபகம். தேங்காய் நாரைத் திரிச்சுத் திரிச்சு என்னைப் படிக்க வச்சவங்க. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குத் தாத்தா கொடுத்த பித்தளைக் குடத்தில் அவங்க பேர் வெட்டியிருந்தது. அந்த எழுத்தை விரலால தடவித் தடவித்தான் தன் பேரைப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சது அந்த ஒரு சொல்தான்.

புது வீடு கட்டினப்போ, இடத்தை அடைக்குதுன்னு அந்தக் குடத்தை நான் எடைக்குப் போட்டுட்டேன். அம்மா திட்டலை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா"ன்னாங்க. அவ்வளவுதான். இன்னைக்கு அம்மா இல்லை. குவிரன் பேரை மண்ணு பத்திரமா வச்சிருந்தது. எங்க அம்மா பேரை என்னால வச்சிருக்க முடியலை.

கோட்டையைக் காப்பாத்த அரசாங்கம் இருக்கு. குடத்தைக் காப்பாத்த நாமதான் இருக்கோம். கிணறு வெட்டும்போது எழுத்துள்ள ஓடு கிடைச்சா வீசிடாதீங்க, அதிகாரிங்ககிட்ட சொல்லுங்க. பரண்ல பழைய பாத்திரம் கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முந்தி அதுல இருக்கிற பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. படிச்சுட்டா போட மனசு வராது.

வாழ்க்கையைச் சொல்வது வீட்டுச் சாமானே என்று தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன்.